பில் எண் 2148

பெட்டகத்தில் எதுவும் தொலைந்துபோகாது என்று வசுமதி இருபத்தெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்தாள். தொலைந்ததையும் தேடிக் கொடுப்போம் என்று கடைசிப் பன்னிரண்டு வருஷமாகக் கூடவே சேர்த்துக்கொண்டாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை தெரியும். தெரியட்டுமே, அதற்காக அவள் உழைத்திருந்தாள்.

சிறுமலை அடிவாரத்தில் பாறையைக் குடைந்து கட்டிய அந்தக் கட்டடத்துக்குத் தென்மண்டல வணிக ஆவணப் பெட்டகம் என்று நீளமாகப் பெயர். தெற்கே எந்தக் கடையில் எது விற்றாலும், எந்த லாரியில் எது ஏறினாலும் அதன் பில் இங்கே வந்து சேர்ந்துவிடும். குண்டூசிப் பெட்டிகூடத் தப்பாது. எதற்கு இத்தனை குப்பையைச் சேர்த்து வைக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இடிந்த பாலத்துக்கு யார் கம்பி கொடுத்தார்கள், கெட்டுப்போன மருந்து எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று வழக்கு வரும்போது அவர்களே இங்கு வந்து கைகட்டி நிற்பார்கள். இந்த 2064-ல் சாட்சி பல்டி அடிக்கலாம், போலீஸ் கதை மாறலாம், பெட்டகத்தின் நகல் மாறாது. கீழே வசுமதியின் கையெழுத்து இருந்தால் அதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை என்று வக்கீல்களே எழுந்துவிடுவார்கள்.

பெட்டகம் முன்பு சமவெளியில் இருந்தது. 2050 வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து, காந்த நாடாக்களில் ஏழில் ஒரு பங்கு நாசமாகிப்போனது. அப்போதுதான் வசுமதியின் தலைமையில் ஒரு குழு, 'நிரப்பி' என்ற அறிவியந்திரத்தைச் செய்தது. முன்னால் இருக்கிற பில், பின்னால் இருக்கிற பில், விற்றவன் கணக்கு, வாங்கியவன் இருப்பு எல்லாவற்றையும் பார்த்து, நடுவில் அழிந்துபோனது என்னவாக இருந்திருக்கும் என்று அது எழுதிக் கொடுக்கும். எழுதியது எவ்வளவு நிச்சயம் என்று நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண்ணும் போடும். தொண்ணூற்றொன்பதுக்கு மேலே போனால் அதை அசலாகவே வைத்துக்கொள்ளலாம், தனி அடையாளம் வேண்டாம் என்று முடிவெடுத்தது வசுமதிதான். அன்று அந்தக் கூட்டத்தில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. டீ வந்துவிட்டது, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

கணினிக்கு மாற்றி முடித்த பழைய நாடாக்களை இருபத்திரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டு அரைத்துவிட வேண்டும் என்பது சட்டம். அரைப்பதற்கு முப்பது நாள் முன்னால் அறிவிப்பு வரும், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். யாரும் வரமாட்டார்கள். 2041-ஆம் வருஷத்து நாடாக்களுக்கு அறிவிப்பு போட்டு இருபத்தேழாவது நாள், பங்குனி வெயிலில் திண்டுக்கல்லிலிருந்து பஸ் பிடித்து ஒரு பெண் வந்து இறங்கினாள்.

முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். பெயர் கனிஷ்கா, ஊர் சாத்தூர். உட்காரச் சொன்னதும் உட்காராமல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். பெட்டகத்தின் நகல். கீழே வசுமதியின் கையெழுத்து.

"இது பொய் பில்லு மேடம்," என்றாள்.

வசுமதிக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. இப்படி வருஷத்துக்கு நாலு பேர் வருவார்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம்.

"என்ன கேஸ்?"

"எங்கப்பா ஜெயவேல். சுபவேல் கெமிக்கல்ஸ்னு சாத்தூர்ல கடை வச்சிருந்தாரு. 2041 செப்டம்பர் ஒன்பதாந் தேதி ஒரு பட்டாசு ஆலை வெடிச்சுப் பதினோரு பேரு செத்துப்போனாங்க. ஆலை முதலாளியும் அதுலயே போயிட்டாரு. குளோரேட்டக் கொண்டுவந்து கலந்திருக்காங்க, யாரு கொடுத்தான்னு தெரியல. பன்னெண்டு வருஷம் கெடந்த கேஸு. 2053-ல இந்த பில்லு கெடச்சுதுன்னு எங்கப்பாவத் தூக்கிட்டுப் போனாங்க. ஆயுள் தண்டனை. பதினோரு வருஷமா உள்ள இருக்காரு."

வசுமதிக்கு வழக்கு ஞாபகம் வந்தது. பொட்டாசியம் குளோரேட்டைத் தீப்பெட்டி ஆலைக்கு விற்கலாம். பட்டாசு ஆலைக்கு விற்கவே கூடாது, கந்தகத்தோடு சேர்ந்தால் உரசினாலே போதும். அந்த ஆலைக்கு ஐம்பது கிலோ, இரண்டு டிரம்மில் போயிருந்தது. பில் எண் 2148, செப்டம்பர் ஏழு, சனிக்கிழமை. நிரப்பிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த முதல் பெரிய வழக்கு அது. பத்திரிகையில் அவள் படம்கூட வந்தது.

"பொய்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"பில்லு நம்பர் எட்டுல முடியுது."

"சரி?"

"எங்கம்மா எட்டுல முடியிற நம்பர் போடவே மாட்டாங்க மேடம்."

வசுமதி சிரிக்கவில்லை. ஆனால் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் அதைக் கவனித்துவிட்டாள். குரல் உயர்ந்தது.

"கடைக்கு பில்லு போட்டது எங்கம்மாதான், சுபலட்சுமி. அப்பா முன்னால நின்னு எடை போடுவாரு, கம்ப்யூட்டர் பக்கமே போகமாட்டாரு. அம்மாவுக்கு எண் கணிதத்துல அப்படியொரு பைத்தியம். எட்டுன்னா ஆகவே ஆகாது. நான் பொறந்தது எட்டாம் மாசம் எட்டாந் தேதி. ராத்திரி பன்னெண்டு வரைக்கும் தள்ளிப்போட முடியுமான்னு டாக்டரம்மாவக் கெஞ்சுனாங்களாம். முடியலன்னதும் ஸ்கூல்ல ஒன்பதுன்னு கொடுத்துட்டாங்க. இன்னைக்கும் என் சர்டிஃபிகேட்ல ஒன்பதுதான் இருக்கு. அப்படிப்பட்டவங்க பில்லுல எட்டு போடுவாங்களா?"

"இத கோர்ட்ல சொல்லலையா?"

"யாரு சொல்றது? அம்மா 2046-லயே போய்ச் சேந்துட்டாங்க. கேஸு நடந்தப்ப நான் காலேஜ்ல அழுதுட்டு உக்காந்திருந்தேன், இந்த நம்பர ஒழுங்காப் பாக்கக்கூட இல்ல. போன மாசம் வீட்டக் காலி பண்றப்ப அம்மாவோட பழைய டைரி கெடச்சுது. 'சாஃப்ட்வேர் தம்பிகிட்டச் சொல்லி எட்டத் தாண்டி ஓட வச்சாச்சு, இனி கவலயில்ல'ன்னு எழுதியிருக்காங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இத்தனை வருஷமா நம்பர் கண்ணு முன்னாலயே இருந்திருக்கு மேடம்." சொல்லிவிட்டுத்தான் அவள் உட்கார்ந்தாள்.

வசுமதி திரையைத் திருப்பினாள். பாவம், நேரில் காட்டிவிட்டால் அடங்கிவிடும் என்று நினைத்தாள். சுபவேல் கெமிக்கல்ஸின் பில்களை வரிசையாக ஓடவிட்டாள். 2108, 2118, 2128, 2138. எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றிலும் சரக்கு, எடை, வாங்கியவர் பெயர், நேரம் என எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"பாருங்கம்மா. உங்கம்மா எட்டு போட்டிருக்காங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, பத்துக்கு ஒண்ணு வீதம் போட்டிருக்காங்க. டைரில ஆசைப்பட்டத எழுதியிருப்பாங்க. கடை நடத்துறப்ப அதெல்லாம் பாக்க முடியுமா?"

கனிஷ்கா திரையையே பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது. பிறகு மெதுவாக, "எங்கம்மா இல்ல மேடம் இது. வேற யாரோ," என்றாள்.

வேற யாரோ. அந்த வார்த்தை வசுமதியைக் குத்தியது. நிரப்பி போட்ட மதிப்பெண்ணைக் காட்டும் திரை ஒன்று உண்டு. அசலாக இருந்தால் நூறு என்று காட்டும். அதை அவள் திறந்து வருஷக்கணக்கு ஆயிற்று. தொண்ணூற்றொன்பதுக்கு மேலே எல்லாம் அசல் என்று தானே சொன்ன பிறகு அதைத் திறக்க என்ன அவசியம்? இப்போது திறந்தாள்.

2147, நூறு. 2149, நூறு. 2148, தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு.

2138, தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று.

அந்தக் கடையின் ஆறு வருஷத்து பில்களில் நூறு இல்லாதவற்றை மட்டும் பட்டியல் போடச் சொன்னாள். மூவாயிரத்துப் பதினாறு வந்தன. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் எட்டில் முடிந்தன. எட்டில் முடியாத ஒன்றுகூட அதில் இல்லை.

வெள்ளத்துக்கு எண் தெரியுமா? தண்ணீர் எட்டாம் நம்பர் பில்லாகத் தேடிப் போய் நனைக்குமா? வசுமதிக்குக் கை சில்லிட்டது. ஏசியைக் குறைக்கச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தன்னையே ஏமாற்றிப் பார்த்தாள்.

"ஊருக்குப் போகாதீங்க," என்றாள் கனிஷ்காவிடம். "எங்கயாவது ரூம் போட்டுத் தங்குங்க. நாளைக்குக் காலைல வாங்க."

மறுநாள் காலை கனிஷ்காவையும் கூட்டிக்கொண்டு நாடாக் கிடங்குக்குப் போனாள். அங்கே சேவியர் இருந்தான். பழைய நாடாவைப் படிக்கிற கருவி தென்மண்டலத்திலேயே ஒன்றுதான் மிச்சம். அதற்கு எண்ணெய் போட்டு, துடைத்து, திட்டிக் கொஞ்சி ஓடவைக்கிறவன் அவன். இன்னும் இரண்டு நாளில் அரைக்க வேண்டிய நாடாக்களை அவன் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, மேல ஏசி ரூம்ல இருக்கவுக கீழ வந்திருக்கீக? வழி தவறிட்டீகளா?"

"சுபவேல் கெமிக்கல்ஸ், சாத்தூர், 2041 செப்டம்பர். நாடாவை எடு சேவியர்."

அவள் குரலைக் கேட்டு அவன் கேலியை நிறுத்திக்கொண்டான். கால் மணி நேரம் தேடி எடுத்தான். பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தான்.

"நனையவே இல்லக்கா இது. மேல் ரேக்குல இருந்திருக்கு. நனைஞ்ச நாடான்னா ஒரு வாடை அடிக்கும்."

"அப்ப நிரப்பி ஏன் இதுல கை வச்சுது?"

"அது நாடாவ மோந்து பாத்தா வேலை செய்யுது? நம்பரப் பாக்குது. நாப்பத்தேழுக்கு அப்புறம் நாப்பத்தொம்போது வந்தா நடுவுல ஒண்ணு அழிஞ்சுபோச்சுன்னு எடுத்துக்கும். நீங்கதான சொல்லிக் கொடுத்தீக. பில்லு நம்பர் வரிசையா இருக்கணும்னு சட்டம் இருக்கு, அதனால வரிசைல ஓட்டை இருந்தா அது இழப்புன்னு."

ஆமாம், அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அந்த வரியை அவள் எழுதிய தினம்கூட நினைவிருந்தது.

கருவி முனகிக்கொண்டு சுற்றியது. பழைய சின்னத் திரையில் எழுத்துகள் ஓடின. 2145. 2146. 2147. சேவியர் பொத்தானை அழுத்தி நிறுத்தினான். திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனான்.

"நாப்பத்தேழு இங்க முடியுது. நாப்பத்தொம்போது இங்க ஆரம்பிக்குது. நடுவுல ஒரு எழுத்துக்குக்கூட எடமில்லக்கா. அழிஞ்சிருந்தா அழிஞ்ச தடம் இருக்கும். இங்க ஒண்ணுமே இல்ல. இருந்ததே இல்ல."

கனிஷ்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சேவியர் ஓடிப்போய்த் தன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தான்.

"அப்ப அந்த ஐம்பது கிலோ?" என்று கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். "அத எங்கேருந்து எடுத்து எங்கப்பா தலைல கட்டுச்சு?"

வசுமதிதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"அந்த ஆலைல ஐம்பது கிலோ குளோரேட் எப்படி வந்துச்சுன்னு கணக்கு இல்லாம நின்னுச்சும்மா. போலீஸ் ரிப்போர்ட்டும் எங்ககிட்ட இருந்துச்சு. நிரப்பிக்கு அங்க ஒரு சரக்கு வித்தவன் இல்லாம நிக்கிது. இங்க உங்க கடைல ஒரு பில்லு சரக்கு இல்லாம நிக்கிது. அந்த ஆலை உங்க கடையோட வாடிக்கை. நாளும் பக்கத்துல. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்துச்சு, கச்சிதமாப் பொருந்திருச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது."

"நெசமா யாரு கொடுத்தது?"

"தெரியல. எங்ககிட்ட அது இல்லவே இல்ல."

இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று மதியம் இயக்குநர் அறைக்கு அவளே போனாள். அவர் நல்ல மனிதர், கத்தமாட்டார். நாடாவின் படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எட்டு பிடிக்காத கடை தமிழ்நாட்டுல எத்தனை இருக்கும் வசுமதி?"

"எண்ணல சார்."

"பதிமூணு பிடிக்காத கம்பெனி எத்தனை? அமாவாசைக்கு பில்லே போடாதவன் எத்தனை? நிரப்பி எழுதினது மொத்தம் நாலு கோடிக்கு மேல. அத வச்சு வந்த தீர்ப்பு மட்டும் ஆயிரத்து நூறு. நீங்க இந்த ஒரு ஆளுக்காகக் கையெழுத்துப் போட்டா ஆயிரத்து நூறு கேஸும் எந்திரிச்சு வாசல்ல வந்து நிக்கும். நிஜமாத் தப்புப் பண்ணினவனும் சேந்து வெளிய வருவான்."

"வருவான் சார்."

"ரெண்டு நாள் பொறுத்தா நாடா அரைஞ்சு போயிரும். நாம எதுவும் பண்ண வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்."

வசுமதிக்கும் அந்த ஆசை வந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஓய்வு பெற நாலு வருஷம்தான் இருந்தது. நிரப்பியை அவள் பெற்ற பிள்ளை என்றே அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள்.

"சார், அந்த ஆளு எழுபது வயசு. நான் எழுதின ஒரு வரிக்காக உள்ள இருக்காரு," என்றாள். அதற்கு மேல் அவளுக்கு வாதம் எதுவும் தோன்றவில்லை.

அவள் சான்றிதழ் எழுதினாள். 2053-ல் நான் கையெழுத்திட்டுக் கொடுத்த நகல் உண்மையான ஆவணம் அல்ல, அப்படியொரு பில் ஒருபோதும் இருந்ததில்லை. நாடாவுக்கு முத்திரை வைத்து நீதிமன்றத்துக்கு அனுப்பினாள். இயக்குநர் நாளையிலிருந்து லீவில் போங்கள் என்று மட்டும் சொன்னார். அவள் மேசையைக்கூட ஒழுங்குபடுத்தாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கனிஷ்காவின் வக்கீல் பழம் தின்று கொட்டை போட்டவர். வேலை பாதிதான் முடிந்திருக்கிறது என்றார். மறுவிசாரணை மனுவில் ஜெயவேலே கையெழுத்துப் போட வேண்டும். '2041 செப்டம்பர் ஏழாம் தேதி அந்த ஆலைக்கு நான் குளோரேட் விற்கவில்லை' என்று ஒரே ஒரு வரி. அது இல்லாமல் மனு உள்ளே போகாது. மகள் போட்டாலும் செல்லாது, வக்கீல் போட்டாலும் செல்லாது.

"நீங்களும் வாங்க மேடம்," என்று கனிஷ்கா கூப்பிட்டாள். "அவருகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். கேஸப் பத்தி நான் பேச்செடுத்தாலே வேற பேச்சுக்குப் போயிருவாரு. எனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

வசுமதிக்குப் பயமாக இருந்தது. அந்த மனிதர் தன்னை என்ன சொல்லித் திட்டுவார் என்று பஸ்ஸில் வழிநெடுக யோசித்தாள். எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

சிறையில் பார்வையாளர் அறை வெளிச்சமாக, சுத்தமாக இருந்தது. நீல மேசை, மூன்று நாற்காலி. ஜெயவேல் ஒல்லியாக, நெற்றியில் திருநீறோடு வந்தார். மகளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. சாப்பிட்டியா, வெயில்ல ஏன் அலையுற, கண்ணுக்குக் கீழே ஏன் கறுப்பு என்று கேள்வியாகக் கேட்டார். கனிஷ்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அம்மாவின் டைரி, எட்டு, நாடா, நடுவில் ஒன்றுமில்லாத இடம். சொல்லி முடித்துவிட்டு மனுவை அவர் முன்னால் வைத்துப் பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தார்.

"இதுல நான் விக்கலன்னு எழுதியிருக்குதேம்மா."

"ஆமாப்பா. நீங்க விக்கல."

"வித்தேனே."

கனிஷ்காவுக்குப் புரியவில்லை. வசுமதிக்கும் முதலில் புரியவில்லை.

"அப்பா, அப்படியொரு பில்லே இல்லப்பா. மிஷினு எழுதுனது."

"பில்லு இருக்கோ இல்லையோ. நான் கொடுத்தது எனக்குத் தெரியாதா கண்ணு?" அவர் அமைதியாகத்தான் பேசினார். "மொதல்ல எனக்கு ஞாபகமே இல்ல, அது நெசந்தான். கோர்ட்லயும் ஞாபகமில்லன்னுதான் சொன்னேன். உள்ள வந்து அந்த நகலத் தெனமும் எடுத்துப் பாப்பேன். பாத்துப் பாத்து, ரெண்டு மூணு வருஷத்துல கொஞ்சங் கொஞ்சமா வந்துருச்சு. சனிக்கெழம. லேசாத் தூறிக்கிட்டு இருந்துச்சு. லோடு ஆட்டோவுல ஒரு ஆளு வந்தான், கண்ணுவலின்னு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். பட்டாசு ஆலை பேருல பில்லு கேட்டுட்டு, சரக்கு தீப்பெட்டிக் கம்பெனிக்குத்தான்னு சொன்னான். நானே ரெண்டு டிரம்மயும் உருட்டி ஏத்திவிட்டேன். எதுக்குடா இவ்வளவு அவசரம்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கல. கடியாரத்தப் பாத்தேன், நாலு மணி பன்னெண்டு நிமிஷம்."

நாலு பன்னிரண்டு. அது வந்த வழி வசுமதிக்குத் தெரியும். நிரப்பிக்கு நேரம் தெரியாவிட்டால் முன்னால் இருக்கும் பில்லின் நேரத்தையும் பின்னால் இருக்கும் பில்லின் நேரத்தையும் எடுத்து நட்டநடு நிமிஷத்தைப் போட்டுவிடும். 2147 மூன்று ஐம்பதுக்கு. 2149 நாலு முப்பத்துநாலுக்கு. நாலு பன்னிரண்டு என்பது கழித்துக் கூட்டி வந்த விடை. அந்த விடைக்கு இவர் ஒரு தூறலையும் ஒரு ஆளையும் ஒரு கண்வலியையும் கொடுத்திருந்தார்.

"அய்யா," என்றாள் வசுமதி. "அதுக்கு முன்னால, மூணு ஐம்பதுக்கு ஒரு வியாபாரம் நடந்துச்சு. அது உண்மையாவே நடந்தது, நாடாவுல இருக்கு. அதுல யாருக்கு என்ன கொடுத்தீங்க, சொல்லுங்க பாப்போம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதெல்லாம் யாரும்மா ஞாபகம் வச்சிருப்பா? ஒரு நாளைக்குப் பதினஞ்சு பேரு வருவான் போவான்."

கனிஷ்கா அழ ஆரம்பித்தாள். "கையெழுத்துப் போடுங்கப்பா. உங்க கால்ல விழுறேன். வீட்டுக்கு வாங்கப்பா."

"எனக்கு மட்டும் வர ஆசையில்லையா?" அவர் கண்ணும் கலங்கியது. மகளின் தலையைத் தடவினார். "பதினோரு பேரு. தெனமும் காலைல எந்திரிச்சதும் ஒவ்வொருத்தரு பேரா சொல்லி மன்னிப்புக் கேக்குறேன். அதுல ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும் இப்ப இருந்தா. அவ அம்மா நாலு வருஷத்துக்கு முன்னால எனக்கு லெட்டர் போட்டாங்க. மன்னிச்சுட்டேன், இனிமே நிம்மதியாத் தூங்குங்கன்னு. அந்தம்மாவுக்கு நான் இப்ப என்ன பதில் எழுதுறது? நான் இல்ல, தப்பான ஆள மன்னிச்சுட்டீங்கன்னா? வெளிய வரணும்னு பொய் எழுதச் சொல்லாத கனி. உங்கம்மா இருந்தா ஒத்துக்கமாட்டா. நான் பொய்யில கையெழுத்துப் போட்டதில்ல, இது வரைக்கும்."

நேரம் முடிந்தது என்று காவலர் வாசலில் வந்து நின்றார். ஜெயவேல் மனுவை ஒழுங்காக மடித்து மகளின் பையில் வைத்தார். எழுந்தவர் வசுமதியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க பேரு சொல்லலையேம்மா."

"வசுமதி."

அவர் முகம் மலர்ந்தது. "நெனச்சேன். நகல்ல கீழ உங்க கையெழுத்துதான இருக்கு? பதினோரு வருஷமாப் பாத்துப் பழகிப்போச்சு. உங்களப் பாத்தா ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

"எனக்கா? எதுக்குய்யா?"

"நீங்க தேடிக் கொடுக்கலன்னா, நான் பண்ணுனது என்னன்னே தெரியாமச் செத்திருப்பேன்ல?"

திட்டுக்குத் தயாராக வந்த வசுமதி இதற்குத் தயாராக வரவில்லை.

"நான் தேடிக் கொடுக்கலைய்யா. அத நான்தான் எழுதினேன்."

ஜெயவேல் அவளைப் பரிவோடு பார்த்தார். தப்புச் செய்துவிட்டு வருந்தும் ஒருவரை எப்படித் தேற்றுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"எழுதினா என்னம்மா," என்றார். "உள்ளதத்தான எழுதினீங்க."